அல்பாக்கா, லாமா குட்டிகளுக்குச் செல்லம் எதுவரை?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகளான அல்பாக்கா, லாமா ஆகியவற்றின் வளர்ப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அவற்றின் கம்பளி, தீவனம், குளிர் தாங்கும் இயல்பு ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தவற்றில் எனக்குப் பெரிய மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால், கட்டுரையோடு அச்சாகியிருந்த படமும் அதன் கீழே இருந்த அறிவுரையும் கவலை தருவன. பால்புட்டியைப் பிடித்திருக்கும் ஒருவரின் மார்பில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கிறது ஓர் ஆண் குட்டி. பிறந்த நாள் முதல் கட்டியணைத்துக் கையால் பால் கொடுத்து வளர்த்தால் குட்டி நம்மை விட்டுப் பிரியாது என்று படத்தின் கீழே எழுதப்பட்டிருக்கிறது. பிரியாது என்பது உண்மைதான். பிரிய மறுக்கும் அந்த ஆண் குட்டி இரண்டு, மூன்று ஆண்டுகளில் என்னவாக வளர்ந்து நிற்கும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. இவ்விலங்குகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

குட்டி ஓடிவந்து மேலே விழுவதையும், தோளால் இடிப்பதையும், சட்டையைக் கவ்வி இழுப்பதையும், தீவன வாளியை நோக்கி நம்மைத் தள்ளிக்கொண்டு முந்துவதையும் பார்ப்பவர்கள் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பிறக்கும்போது 6 முதல் 8 கிலோ எடையே இருக்கும் அல்பாக்கா குட்டி இப்படிச் செய்யும்போது யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அதே விலங்கு வளர்ந்தபின் 60, 70 கிலோ எடையோடு நிற்கும். லாமாவாக இருந்தால் 150 கிலோவையும் தாண்டலாம். குட்டிப் பருவத்தில் சிரித்துக்கொண்டே அனுமதித்த செயலை வளர்ந்தபின் திடீரென்று குற்றமாகக் கருதி அடித்தால், அந்த விலங்குக்கு ஒன்றும் விளங்காது. அது புதிதாக எதையும் செய்துவிடவில்லை; நேற்றுவரை வரவேற்கப்பட்டதைத்தான் இன்றும் செய்தது.

நாயிடமோ பூனையிடமோ நெருங்கிப் பழகுவதைப் போல இவற்றிடமும் பழகலாம் என்ற எண்ணம்தான் சிக்கலின் வேர். லாமாவும் அல்பாக்காவும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் வீட்டு விலங்குகளாக்கப்பட்டவை. லாமாவின் மூதாதை குவானக்கோ என்றும், அல்பாக்காவின் மூதாதை விக்குன்யா என்றும் இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டு விலங்குகளின் குடும்ப அமைப்பைக் கவனித்தால் நம் கொட்டிலில் நடப்பதன் காரணம் தெளிவாகும். ஓர் ஆண், சில பெண்களும் குட்டிகளும் அடங்கிய குடும்பத்தோடு ஒரு நிலப்பரப்பைத் தனக்கென வைத்துக்கொண்டு, அதற்குள் நுழையும் பிற ஆண்களைத் துரத்தியடிக்கும். தன் குடும்பத்தில் பிறந்த ஆண் குட்டிகளையே ஏறத்தாழ ஒரு வயதில் அது வெளியே விரட்டிவிடும். விரட்டப்பட்ட இளம் ஆண்கள் தனிக்கூட்டமாகத் திரிந்து, கழுத்தோடு கழுத்தைப் பின்னி, மார்பால் மார்பை இடித்து, காலைக் கடித்து, தங்களுக்குள் வலிமையைச் சோதித்துக்கொண்டே வளரும். நெருங்கி வருபவனை இடித்துப் பார்ப்பது இளம் ஆணுக்கு இயற்கை கொடுத்த பாடம் என்பதை மறக்கக்கூடாது. அந்தப் பாடத்தைத் தன் இனத்தாரிடம் கற்கிறதா, மனிதர்களிடம் கற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மந்தையில் வளரும் குட்டிக்கு ஒழுங்கு கற்பிக்க ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. அளவுக்கு மீறி இடித்தால் பெரிய விலங்கு காதைப் பின்னுக்கு மடித்து, மோவாயை உயர்த்தி முதலில் எச்சரிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் வயிற்றிலிருந்து எடுத்த பச்சை நீரை முகத்தில் உமிழும். அந்த நாற்றத்தை ஒருமுறை அனுபவித்த குட்டி அடுத்த தடவை சற்றுத் தள்ளியே நிற்கும். (இவை மனிதர்கள் மீது எப்போதும் துப்பிக்கொண்டே இருக்கும் என்ற பரவலான நம்பிக்கை தவறானது. பெரும்பாலும் இது அவற்றுக்குள் தீவனத்துக்காகவும் இடத்துக்காகவும் நடக்கும் சண்டை; நடுவே போய் நிற்பவருக்கும் பங்கு கிடைப்பதுண்டு, அவ்வளவே.) இப்படி ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடைவெளியை வைத்துக்கொண்டு, பிறர் இடைவெளியையும் மதித்து வாழ்வதே மந்தையின் ஒழுங்கு. தனியாக, மனிதர்களோடு மட்டும் வளர்க்கப்படும் குட்டிக்கு இந்தப் பாடம் ஒருநாளும் கிடைப்பதில்லை. ஆகவே, ஒரே ஒரு குட்டியை மட்டும் வாங்கி வளர்க்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. இரண்டு, மூன்று விலங்குகளேனும் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றுள் ஒழுங்கு தெரிந்த, வயதில் மூத்த, காயடிக்கப்பட்ட ஆண் ஒன்று இருந்தால் இளம் ஆணுக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை.

புட்டிப்பாலில் வளரும் ஆண் குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பால் கொடுப்பவரையே தன் இனமாகக் கருதி வளரும் குட்டி, பருவம் எய்தும்போது அவரையே தன் போட்டியாளராகவும் கருதத் தொடங்கும். லாமா வளர்ப்பு வட அமெரிக்காவில் பரவிய கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நிலை பலராலும் கவனிக்கப்பட்டு, வெறிகொண்ட ஆண் நோய்க்குறி என்ற பெயரையும் பெற்றது. அனுபவமற்ற வளர்ப்பாளர் நோய்க்குறி என்று அதைக் குறிப்பிடுவோரும் உண்டு. குறை யாரிடம் தொடங்குகிறது என்பதைச் சரியாகச் சுட்டுவதால் எனக்கு இரண்டாவது பெயரே பொருத்தமாகப் படுகிறது. இந்த நிலையை அடைந்த ஆண், வேலியோரம் நம்மோடு சேர்ந்து முன்னும் பின்னும் நடக்கும், கிறீச்சிடும், நாம் உள்ளே சென்று முதுகைத் திருப்பியதும் பின்னாலிருந்து மோதி வீழ்த்தும், விழுந்தவர் மேல் ஏறி நின்று கடிக்கவும் செய்யும். இதே காலத்தில்தான், அதாவது 2 முதல் 3 வயதுக்குள், ஆண்களுக்குச் சண்டைப் பற்களும் முளைக்கின்றன. மேல்தாடையில் பக்கத்துக்கு இரண்டும் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றுமாக, பின்னோக்கி வளைந்த, கத்திபோல் கூரிய 6 பற்கள் அவை. கால்நடை மருத்துவரைக் கொண்டு அவற்றை மழுங்கடிப்பது வழக்கம். ஆனால், பல்லை மழுங்கடிக்கலாமே தவிர, மனிதன் என் போட்டியாளன் என்ற எண்ணத்தை அப்படி மழுங்கடிக்க இயலாது.

இதைப் படித்துவிட்டு, இடிக்கிற ஒவ்வொரு குட்டியையும் வெறிகொண்டதாக முத்திரை குத்திவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்கிறேன். முழுமையான அந்த நிலை அரிதானது. நாம் பெரும்பாலும் காண்பது, எல்லை கற்பிக்கப்படாத, திருத்தக்கூடிய குட்டிகளைத்தான். அச்சத்தால் முரண்டு செய்யும் விலங்கையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூலையில் மடக்கப்பட்டு, தப்ப வழியில்லாமல் உதைக்கிற அல்லது உமிழ்கிற குட்டி நம்மிடமிருந்து விலக விரும்புகிறது. மேலே விழுகிற குட்டியோ நம்மை விலக்க விரும்புகிறது. முன்னதற்குத் தேவை இடமும் பொறுமையும். பின்னதற்குத் தேவை எல்லை. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். வலியும் இப்படி வெளிப்படலாம் என்பதால், அதுவரை அமைதியாக இருந்த விலங்கு திடீரென்று முரடாக மாறினால் முதலில் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

எச்சரிக்கை அறிகுறிகளில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. குட்டி வாலை முதுகின் மேல் மடித்துப் போட்டு, கழுத்தைத் தாழ்த்தி வளைத்து, முழங்காலைச் சற்றே மடக்கியபடி நம் அருகில் வரும். பார்ப்பவர்கள் அதைப் பணிவு என்று மகிழ்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். அது பணிவுதான், ஆனால் மந்தையின் மூத்த விலங்குக்குக் காட்ட வேண்டிய பணிவு. அதை மனிதரிடம் காட்டும் குட்டி, மனிதரைத் தன் மந்தையைச் சேர்ந்தவராக எண்ணத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்று பணிகிற அந்த ஆண் குட்டி, பருவம் வந்தபின் அதே மந்தை முறைப்படி உங்களோடு மோதிப் பார்க்கவும் வரும். அத்தகைய குட்டியிடம் கொஞ்சல், தடவல் எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிட்டு, அதைத் தன் இனத்தாரோடு அதிகமாகப் பழகவிடுவதுதான் சரியான பதில்.

அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மிக எளிதானது; எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்தான் கடினம் இருக்கிறது. குட்டி நெருங்கி வந்து இடிக்கும்போது நாம் ஓரடி பின்வாங்கினால், இடித்தால் இடம் கிடைக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று நம் முன்னோர் யாரை நினைத்துச் சொன்னார்களோ தெரியாது, இவ்விலங்குகளுக்கு அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஆகவே, பின்வாங்காமல் நிமிர்ந்து நின்று, கையை முன்னே நீட்டி, தாழ்ந்த உறுதியான குரலில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லி, தேவைப்பட்டால் அதை நோக்கி ஓரடி எடுத்து வைத்து, அது விலகும்வரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். விலகிய கணமே நாமும் அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும்; அந்தத் தளர்வுதான் அதற்கு வெகுமதி. கைக்கு எட்டாத தொலைவிலேயே குட்டியை நிறுத்திவைக்க ஒரு மெல்லிய நீளமான குச்சியைக் கையின் நீட்சியாகப் பயன்படுத்தலாம். அது அடிப்பதற்கு அன்று. இங்கே வராதே என்று கோடு காட்டுவதற்கு. ஏற்கெனவே எடை கூடிவிட்ட இளம் ஆணாக இருந்தால், மார்பளவு உயரமுள்ள லேசான பலகை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் செல்வது பாதுகாப்பானது.

கையால் மார்பிலோ தலையிலோ பிடித்துத் தள்ளுவது பெரிய தவறு. ஏனெனில், இளம் ஆண்கள் தங்களுக்குள் விளையாடும் மல்யுத்தமும் அதேதான். நாம் தள்ளினால் விளையாட்டுக்கு ஒப்புக்கொண்டோம் என்றே அது நினைக்கும். அடிப்பதும் பயனற்றது. துணிவுள்ள ஆணுக்கு அடி என்பது சண்டைக்கான அழைப்பு. துணிவற்றதற்கு அது அச்சத்தை மட்டும் வளர்க்கும். குட்டியின் முன் குந்தி உட்காருவது, முகத்தோடு முகம் வைக்க விடுவது, கழுத்தைக் கட்டிக்கொள்வது ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். தீவனத்தை உள்ளங்கையில் வைத்து ஊட்டுவதை இந்த வயதில் முற்றிலும் நிறுத்திவிட்டு, தொட்டியில் கொட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தொட்டியை நோக்கி நாம் நடக்கும்போதே குட்டி நம்மை முந்தி இடித்தால், அது விலகி நிற்கும்வரை தீவனம் தொட்டியில் விழக்கூடாது. வீட்டில் ஒருவர் கண்டித்து, இன்னொருவர் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்த முயற்சி அனைத்தும் வீண். உண்மையில், குட்டியைத் திருத்துவதைவிட வீட்டாரையும் விருந்தினரையும் திருத்துவதே அதிக நேரம் பிடிக்கும் வேலை.

இதனால் குட்டியைத் தொடவே கூடாது என்று பொருளாகாது. பிறந்த குட்டியை முதல் சில வாரங்கள் நாள்தோறும் எடைபோட்டுப் பார்ப்பது அவசியம். எடை ஏறவில்லை என்பதே பல நோய்களின் முதல் தகவல். தடுப்பூசி போட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், கம்பளி கத்தரிக்க வேண்டும். இவற்றுக்காகப் பிடிக்கும்போது பதற்றமில்லாமல் பிடித்து, வேலை முடிந்ததும் நான்கு கால்களும் தரையில் அமைதியாக நிற்கும் கணத்தில் விட்டுவிட்டு நடந்துவிட வேண்டும். துள்ளும்போது விட்டால், துள்ளினால் விடுதலை என்று அது முடிவுகட்டிக்கொள்ளும். மருத்துவமனைச் செவிலியரைப் போன்ற அன்பு என்று இதைச் சொல்லலாம்: கையில் கனிவு இருக்கும், கொஞ்சல் இருக்காது.

தாய் இறந்துவிட்டாலோ, பால் சுரக்கவில்லை என்றாலோ புட்டிப்பால் தவிர்க்க முடியாதது. முதல் நாளில் சீம்பால் கிடைக்காத குட்டி நோய் எதிர்ப்பாற்றல் இன்றி மடிந்துபோகலாம். கருவில் இருக்கும்போது தாயின் எதிர்ப்புப் பொருள்கள் இவ்வினத்தில் குட்டிக்குச் சென்று சேர்வதில்லை. எனவே, நடத்தை கெட்டுவிடும் என்று அஞ்சி ஒருவரும் பசித்த குட்டிக்குப் பாலை மறுக்க வேண்டாம். ஆனால், வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்கை அருகில் வைத்துப் பால் கொடுக்காமல், மந்தைக்குள்ளேயே குட்டியை வைத்திருந்து, வேலிக்கு வெளியிலிருந்தோ, தாங்கியில் பொருத்திய புட்டி மூலமோ பால் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் தடவிக் கொடுக்காமல் விலகிவிட வேண்டும். பால் தீர்ந்தபின்னும் புட்டியைத் தேடி உடலை முட்டுகிற பழக்கத்தை முதல் நாளிலேயே தடுக்க வேண்டும். தாயிடம் வளரும் குட்டிகள் பொதுவாக 5, 6 மாதங்களில் பால் மறக்கும். புட்டிக் குட்டி உலர்புல்லும் அடர்தீவனமும் நன்றாகத் தின்னத் தொடங்கிவிட்டால், மருத்துவரைக் கலந்துகொண்டு சற்று முன்னதாகவே பாலை நிறுத்துவதில் தவறில்லை.

பால் மறந்த பிறகு தலைக்கயிறு பழக்குவது ஒழுங்குக்கு நல்ல அடித்தளம். தலைக்கயிறு மாட்டி நடத்திச் செல்லும்போது, குட்டி நம் தோளில் சாயாமலும் முந்தாமலும் ஒரு கை தொலைவில் நடக்கப் பழகுகிறது. இங்கே கவனம் ஒன்று தேவை. லாமாவும் அல்பாக்காவும் ஏறத்தாழ மூக்கினால் மட்டுமே மூச்சுவிடுபவை. மூக்கெலும்பு கண்ணுக்குக் கீழே சிறிது தொலைவிலேயே முடிந்து, அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்புதான் இருக்கிறது. தலைக்கயிற்றின் மூக்குப்பட்டை கண்ணை ஒட்டி எலும்பின் மேல் அமர வேண்டும்; அப்படி அமராமல் கீழே சரிந்தால் மூச்சு தடைப்படும். விலங்கு பீதியில் தலையை உதறும், முட்டும், பின்னால் சாயும். முரடு என்று பழி சுமத்தப்பட்ட இளம் விலங்குகளில் சிலவற்றின் குற்றம், பொருந்தாத தலைக்கயிறு மாட்டப்பட்டிருந்தது மட்டுமே. குதிரைக்கோ ஆட்டுக்கோ செய்ததை இவற்றுக்கு மாட்டுவதும், மாட்டிய கயிற்றைக் கழற்றாமல் மேய விடுவதும் கூடாது.

காயடித்தலைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியும் சொல்லவில்லை. இனப்பெருக்கத்துக்குத் தேவைப்படாத ஆண்களைக் காயடிப்பதே எல்லோருக்கும் நல்லது. மிக இளவயதில் செய்தால் கால் எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டு மூட்டுகள் பாதிக்கப்படலாம் என்பதால், வழக்கமாக ஒன்றரை வயது ஆகும்வரை காத்திருப்பார்கள். ஆனால், புட்டிப்பாலில் வளர்ந்து மனிதர்மேல் விழும் ஆண் குட்டிகளைப் பொறுத்தவரை இந்தக் காத்திருப்பு ஆபத்தாக முடியலாம். மூட்டுக் குறையா, நடத்தைக் கேடா என்று எடைபோட்டுப் பல மருத்துவர்கள் முன்னதாகவே காயடிக்கப் பரிந்துரைக்கிறார்கள். தாக்கும் பழக்கம் வேரூன்றிய பிறகு காயடித்தால் வேகம் குறையலாமே ஒழிய, கற்றுக்கொண்ட பழக்கம் அதனால் மறைந்துவிடும் என்று நம்பக் கூடாது. பெண் குட்டிகளும் செல்லத்தால் இடிக்கவும் உமிழவும் பழகும். அவற்றுக்கும் இதே எல்லைகள் பொருந்தும் என்றாலும், ஆண்களிடம் உள்ள அளவு ஆபத்து அவற்றிடம் இல்லை.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட, மனிதர்மீது பாயத் தொடங்கிவிட்ட ஆணை வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன வழிகளைத் தனியாக முயன்று பார்க்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கொட்டிலுக்குள் குழந்தைகளையும் பார்வையாளர்களையும் விடக்கூடாது, இருவராகச் செல்ல வேண்டும், முதுகைக் காட்டக்கூடாது, இவ்வினத்தைக் கையாண்டு தேர்ந்தவரையும் கால்நடை மருத்துவரையும் அழைக்க வேண்டும். இந்த உண்மையை மறைத்து அத்தகைய விலங்கைப் பிறருக்கு விற்பது அறமற்ற செயல். வேறு வழியின்றி மருத்துவர் கையாலேயே உயிர் நீக்கப்பட்ட இளம் ஆண்களும் உண்டு. குட்டிப் பருவத்தில் படமெடுத்துப் பகிரப்பட்ட விலங்குகள்தாம் அவையும்.

தங்கள் கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அச்சில் வந்த அறிவுரைக்கு மதிப்பு அதிகம். அதைப் படித்துவிட்டுக் குட்டி வாங்கச் செல்பவர்களும் இருப்பார்கள். ஆகவே, அடுத்து வரும் இணைப்பில், ஆண் குட்டிகளைக் கட்டியணைத்து வளர்க்க வேண்டாம் என்றும், தனியாக வளர்க்க வேண்டாம் என்றும், புட்டிப்பால் கட்டாயமானால் மருத்துவரின் வழிகாட்டலோடு மந்தைக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்றும் ஒரு சிறு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து நீக்கிவிட்டு, தாயோடு மேயும் குட்டியின் படம் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்